தளரும் இதயத்தின் அடையாளங்கள்

நம் மன்றத்தின் இதழில் இலக்கியக் கட்டுரைகளும் கவிதைகளும் இடம்பெறுவதே வழக்கம். மருத்துவம் பயிலும் நான் அவ்வரிசையில் ஒரு நோயைப் பற்றி எழுத முன்வந்ததற்குக் காரணம் உண்டு. வகுப்பறையில் நாங்கள் நோய்களை ஆங்கிலத்தில் கற்கிறோம். மருத்துவமனையில் நோயாளிகளிடம் இந்தியில் விசாரிக்கிறோம். இரவு விடுதிக்குத் திரும்பியதும் ஊரிலுள்ள தாய் தந்தையரிடம் தமிழில் பேசுகிறோம். கற்பது ஒரு மொழி, கேட்பது ஒரு மொழி என்று ஆகிவிட, நம் வீட்டாருக்கு மிகவும் வேண்டிய செய்தி மட்டும் மூன்றாவது மொழிக்கு வந்து சேராமலே நின்றுவிடுகிறது. அக்குறையைச் சிறிதளவேனும் நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் எடுத்துக்கொண்ட நோய், ‘கன்ஜெஸ்டிவ் ஹார்ட் பெயிலியர்’ என்று மருத்துவர்கள் கூறுவது. இதனை ‘இதயத் தளர்ச்சி’ என்று இங்கே வழங்குவோம். இது பெரும்பாலும் ஒரே நாளில் வந்து தாக்குவதன்று. வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் சிறுசிறு அடையாளங்களைக் காட்டிய பின்னரே ஆளைச் சாய்ப்பது. அந்த அடையாளங்கள் எக்ஸ்ரே படத்தில் தோன்றுவதற்கு முன்பே வீட்டில் தோன்றுகின்றன. தலையணையிலும் மாடிப்படியிலும் செருப்பு வாரிலும் அவற்றைக் காணலாம். காணத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் இருந்தால் போதும்.

பெயரால் வரும் மயக்கம்

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். ‘ஹார்ட் பெயிலியர்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் இதயம் நின்றுவிட்டது என்றே பலர் எண்ணிக்கொள்கின்றனர். அது தவறு. தளர்ந்த இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை அதனால் வேண்டிய நேரத்தில் அனுப்ப இயலவில்லை. அல்லது, மிகுந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டுதான் அனுப்ப முடிகிறது. இதுவே இதயத் தளர்ச்சி.

மாரடைப்பு என்பது வேறு. இதயத் தசைக்கே இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் அடைப்பு ஏற்பட்டு, அத்தசையின் ஒரு பகுதி பட்டுப்போவதே மாரடைப்பு. பிழைத்து எழுந்தவரின் இதயத்தில் அந்தப் பகுதி வடுவாகிவிடும். எஞ்சிய தசை பாரத்தைச் சுமந்து, சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ தளரக்கூடும். ஆகவே மாரடைப்பு ஒரு காரணம். தளர்ச்சி அதன் விளைவுகளுள் ஒன்று. இரண்டையும் ஒன்றாகக் கருதுவோர், ‘நெஞ்சு வலி இல்லையே, இதய நோய் எப்படி இருக்கும்?’ என்று கேட்பர். இதயத் தளர்ச்சியில் நெஞ்சு வலி இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

இதயம் செய்யும் வேலை

இதயம் கை முட்டியளவே உள்ள தசைப் பை. நிமிடத்திற்குச் சுமார் 70 முறை என்று கொண்டால், ஒரு நாளில் அது ஓர் இலட்சம் முறை துடிக்கிறது. நாம் சும்மா இருக்கும்போதும் நிமிடத்திற்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. இரத்தம் உடலைச் சுற்றி வந்து இதயத்தையே மீண்டும் அடைகிறது என்ற உண்மையை இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டு நூலாக எழுதி வெளியிட்டார். அந்தச் சுற்றோட்டத்தை மனத்திற்கொண்டால் இந்நோயின் அறிகுறிகள் அனைத்தையும் மனப்பாடம் செய்யாமலே விளங்கிக்கொள்ளலாம்.

இதயம் ஒன்று போல் தோன்றினாலும் உண்மையில் அருகருகே அமைந்த இரண்டு இறைப்பு எந்திரங்கள் அது. வலப்பக்கம், உடலெங்கும் சென்று திரும்பும் இரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்பக்கம், நுரையீரலிலிருந்து வரும் தூய இரத்தத்தை வாங்கி உடலெங்கும் அனுப்புகிறது.

இனி நம் ஊர் வயல்வெளியை நினைத்துப் பாருங்கள். கால்வாயில் வரும் நீரை ஒரு பம்பு இறைத்து மேட்டு நிலத்துக்கு அனுப்புகிறது. பம்பு பழுதானால் இரண்டு கேடுகள் நேரும். மேட்டு நிலம் காயும். பம்புக்குப் பின்னாலுள்ள கால்வாயில் நீர் தேங்கிக் கரை கசியும். இதயத் தளர்ச்சியின் அறிகுறிகளும் இந்த இரு வகைக்குள்ளேயே அடங்கும். முன்னால் வறட்சி, பின்னால் தேக்கம். ‘கன்ஜெஸ்டிவ்’ என்ற அடைமொழி இந்தத் தேக்கத்தையே குறிக்கிறது.

இங்கே சிறுநீரகம் ஒரு தவறான கணக்குப் போடுகிறது. தன்னிடம் வரும் இரத்த ஓட்டம் குறைந்ததைக் கண்டு, உடலில் நீர் வற்றிவிட்டது என்று அது கருதிக்கொள்கிறது. உடனே உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் சேமித்து வைக்கிறது. ஏற்கனவே தேங்கிய கால்வாயில் மேலும் நீரைத் திறந்துவிட்டதைப் போல் நிலைமை முற்றுகிறது.

மூச்சில் தோன்றும் அடையாளங்கள்

இடப்பக்கம் தளர்ந்தால் அதன் பின்னாலுள்ள நுரையீரலில் இரத்தம் தேங்கும். ஆதலால் முதல் அடையாளம் மூச்சில் தெரியும். வழக்கமாகச் செய்த வேலைக்கே மூச்சு வாங்கும். இங்குள்ள நோயாளிகள் இதனைத் தம் மொழியில் ‘மூச்சு உப்புகிறது’ என்று பொருள்படக் கூறுவார்கள். நம் ஊரில் ‘இளைக்கிறது’ என்பார்கள். ‘மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது’ என்பார்கள்.

இதன் கடுமையை அளக்க நியூயார்க் இதயச் சங்கத்தார் 1928இல் வகுத்த நான்கு படிகளை இன்றும் உலகெங்கும் மருத்துவர்கள் கையாளுகின்றனர். முதற்படியில், நோய் இருந்தாலும் அன்றாட வேலையில் தொல்லை இல்லை. இரண்டாம் படியில், அன்றாட வேலைகளைச் செய்யும்போது இளைக்கிறது. மூன்றாம் படியில், அதனினும் குறைந்த வேலைக்கே இளைக்கிறது. குளித்து உடை மாற்றுவதற்குள் உட்கார வேண்டியிருக்கிறது. நான்காம் படியில், சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டுகிறது.

இரண்டாவது அடையாளம் படுக்கையில் தெரியும். பகலெல்லாம் கால்களில் தேங்கியிருந்த நீர், உடல் கிடையாகச் சாய்ந்ததும் நெஞ்சை நோக்கித் திரும்புகிறது. நுரையீரலின் பாரம் கூடுகிறது. நோயாளி தன்னையறியாமலே தலையை உயர்த்திக்கொள்ள விரும்புகிறார். ஒரு தலையணை இரண்டாகும், இரண்டு மூன்றாகும், பிறகு சாய்வு நாற்காலியே படுக்கையாகும். மருத்துவர்கள், ‘எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?’ என்று கேட்பது இதனால்தான். கேள்வி எளியது; ஆயினும் நோயின் வளர்ச்சியை அளக்கும் கோல் அது.

மூன்றாவது அடையாளம் நள்ளிரவில் வரும். படுத்து உறங்கி ஒன்றிரண்டு மணி நேரம் கழிந்தபின், யாரோ நெஞ்சை அமுக்கியது போல் நோயாளி திடுக்கிட்டு எழுவார். காற்று வேண்டிச் சன்னலைத் திறப்பார். திண்ணைக்கு வந்து உட்காருவார். சிறிது நேரத்தில் மூச்சு சீராகும், மீண்டும் படுப்பார். காலையில், ‘ஏதோ கெட்ட கனவு’ என்றோ, ‘வாயுத் தொல்லை’ என்றோ சொல்லிவிடுவார். இது மிகவும் முக்கியமான அடையாளம். ஒருமுறை நேர்ந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது.

படுத்தால் மிகுந்து, எழுந்து உட்கார்ந்தால் குறையும் வறட்டு இருமலும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. இன்னொன்று, குனியும்போது வரும் மூச்சுத் திணறல். காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தால் அரை நிமிடத்துக்குள் மூச்சு முட்டுவதை ஒரு தனி அடையாளமாக அமெரிக்க மருத்துவர்கள் 2014இல் விவரித்து எழுதினர். நம் வீடுகளில் காலணிக் கயிற்றைவிடக் கோலப்பொடியே இதற்கு ஏற்ற சோதனை. நாள்தோறும் வாசலில் பெரிய கோலம் இட்டவர் நான்கு புள்ளியோடு நிமிர்ந்துவிடுகிறாரா என்று பாருங்கள்.

காலிலும் வயிற்றிலும் தோன்றுபவை

வலப்பக்கம் தளர்ந்தால் தேக்கம் உடலெங்கும் பரவும். பெரும்பாலும் இடப்பக்கத்தின் தளர்ச்சியே நாளடைவில் வலப்பக்கத்தையும் தளர்த்தும். அப்போது நீர் தாழ்ந்த இடத்தை நாடுகிறது. நடமாடுபவருக்கு அது கணுக்கால். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இடுப்பின் பின்புறம். மாலையில் வீக்கம் தெரியும், காலையில் வடிந்திருக்கும். செருப்பு வார் இறுகும். மெட்டி கழற்ற வராது. கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது கட்டைவிரலால் சில வினாடிகள் அழுத்தி எடுத்துப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் அது நீர் வீக்கம்.

ஆனால் வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே உடலில் சில லிட்டர் நீர் சேர்ந்துவிடும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. ஆகவே கண்ணைவிட எடை பார்க்கும் எந்திரம் கூர்மையானது. மூன்று நாட்களுக்குள் எடை 2 கிலோவுக்கு மேல் கூடினால், அது உணவால் வந்த சதையன்று, தேங்கிய நீர். இதயத் தளர்ச்சி உள்ளவர் நாள்தோறும் காலையில், சிறுநீர் கழித்த பின், உண்பதற்கு முன் எடை பார்த்துக் குறித்துவைக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனாலேயே.

கல்லீரலிலும் குடலிலும் இரத்தம் தேங்குவதால் வலது விலாவின் கீழ்க் கனக்கும், சிறிது உண்டாலே வயிறு நிறைந்துவிடும், பசி கெடும். பிறகு வயிற்றிலும் நீர் கட்டும். முகமும் தோளும் மெலிந்துகொண்டே போக, வேட்டி மட்டும் இடுப்பில் இறுகும். அருகிலிருப்போர் அவர் ‘சற்றுப் பூரித்திருக்கிறார்’ என்று மகிழ்வதும் உண்டு!

வறட்சியின் அடையாளங்கள்

உடலுக்குப் போதிய இரத்தம் செல்லாததால் விளைபவை மூன்றாம் வகை. காரணமற்ற களைப்பு, குளிர்ந்த கை கால், உட்கார்ந்த இடத்திலேயே கண் அயர்தல் ஆகியவை இதனுள் அடங்கும். முதியோரிடம் குழப்பமும் மறதியும் மட்டுமே தோன்றுவதும் உண்டு. பகலில் சிறுநீர் குறைந்து, இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டியிருக்கும். படுத்திருக்கும்போது சிறுநீரகத்துக்கு இரத்தம் சற்றுக் கூடுதலாகச் செல்வதே அதற்குக் காரணம்.

இல்லை என்னும் விடை

இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்பும் செய்தியை இங்கே சொல்லிவிடுகிறேன். வார்டில் பயிற்சி பெறும் நாட்களில் ஒரு முதியவரிடம், ‘மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா?’ என்று கேட்டேன். ‘இல்லை’ என்றார். அருகில் நின்ற அவருடைய மகள், ‘அப்பா மாடிக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது; கட்டிலைக் கீழே போடச் சொல்லிவிட்டார்’ என்றாள். முதியவர் பொய் சொல்லவில்லை. ஏறினால்தானே இளைக்கும்? அவர் ஏறுவதையே விட்டுவிட்டார்.

இதயம் தளரத் தளர, மனிதர் தம் வாழ்க்கையை அதற்கேற்பச் சுருக்கிக்கொள்கின்றனர். கோயிலுக்கு நடந்து சென்றவர் ‘வீட்டிலேயே கும்பிட்டால் போதாதா’ என்கிறார். குடத்தில் நீர் சுமந்தவர் செம்பில் சுமக்கிறார். சுருக்கம் சிறிது சிறிதாக நிகழ்வதால் அவருக்கும் தெரிவதில்லை. நாள்தோறும் உடன் இருப்போருக்கும் தெரிவதில்லை. ‘வயதாகிவிட்டது’ என்ற ஒரு சொல் அனைத்தையும் மூடிவிடுகிறது. எனவே ‘மூச்சு வாங்குகிறதா?’ என்று மட்டும் கேட்பது போதாது. ‘முன்பு செய்ததில் இப்போது எதை விட்டுவிட்டீர்கள்?’ என்றும் கேட்க வேண்டும்.

நண்பர்களே, இந்த ஒன்றில் தொலைவில் வாழும் நமக்குத்தான் வாய்ப்பு மிகுதி. ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ இரண்டு நாள் ரெயில் பயணம் செய்து நாம் வீடு சேர்கிறோம். கோடை விடுமுறையில் கண்ட அப்பாவையும் பொங்கலுக்குக் கண்ட அப்பாவையும் நம் கண் ஒப்பிட்டுப் பார்க்கும். சென்ற முறை ரெயிலடிக்கு வந்து பெட்டியைத் தூக்கியவர் இம்முறை வாசலிலேயே நின்று வரவேற்றால், அந்த வேறுபாட்டை முதலில் காண்பவர் நாமே.

வேறு நோய்களோ என்று ஐயுறல்

அடையாளம் ஒன்றைக் கண்டவுடன் அஞ்சிவிடவும் கூடாது. கால் வீக்கமெல்லாம் இதய நோயன்று. சிறுநீரக நோய், கல்லீரல் நோய், கடுமையான இரத்தச் சோகை ஆகியவற்றாலும் கால் வீங்கும். இரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் என்னும் மாத்திரையாலும் கணுக்கால் வீங்குவது உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அது சிரையில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அதுவும் உடனே கவனிக்க வேண்டியதே. மூச்சு இளைப்பதற்கும் ஆஸ்துமா, நுரையீரல் நோய், இரத்தச் சோகை முதலிய பல காரணங்கள் உண்டு. மறுபுறம், ஐம்பது அறுபது வயதில் முதன்முறையாக ‘வீசிங்’ வந்தால், அது ஆஸ்துமா என்று தாமே முடிவு செய்வதும் தவறு. இதயத் தளர்ச்சியிலும் அவ்வொலி கேட்கும்.

அமெரிக்காவில் பிரமிங்காம் என்னும் ஊரில் 1948இல் தொடங்கிய நெடிய ஆய்விலிருந்து 1971இல் ஓர் அளவுகோல் பிறந்தது. அதில் நள்ளிரவு மூச்சுத் திணறல், கழுத்துச் சிரை புடைத்தல் போன்றவை பெரிய அடையாளங்கள். கணுக்கால் வீக்கம், இரவு இருமல், வேலையின்போது இளைத்தல் போன்றவை சிறிய அடையாளங்கள். பெரியவை இரண்டோ, அல்லது பெரியது ஒன்றும் சிறியவை இரண்டுமோ சேர்ந்தால்தான் நோய் என்று அந்த அளவுகோல் கொள்ளும். சிறியவற்றையும் வேறு நோய் அவற்றுக்குக் காரணமல்ல என்று தெளிந்த பிறகே எண்ண வேண்டும். ஒன்றைக் கொண்டு முடிவு கட்டாதே; பலவற்றைச் சேர்த்துப் பார் என்பதே இதிலுள்ள பாடம்.

யாருக்கு வரும்?

மாரடைப்பு கண்டவர், நெடுநாள் இரத்த அழுத்தம் உள்ளவர், நீரிழிவு உள்ளவர் ஆகியோரிடம் இந்த அடையாளங்களைக் கூர்ந்து தேட வேண்டும். திருவனந்தபுரம் மாவட்ட மருத்துவமனைகளில் 2013இல் இதயத் தளர்ச்சியால் சேர்க்கப்பட்ட 1,205 பேரைப் பற்றிய பதிவேடு ஒன்று உண்டு. அவர்களின் சராசரி வயது சுமார் 61. பத்தில் ஏழு பேருக்கு இதயக் குழாய் அடைப்பே நோயின் மூலமாக இருந்தது. ஓராண்டுக்குள் பத்தில் மூவர் இறந்தனர். மேலை நாட்டு நோயாளிகளைவிட நம்மவர் ஏறத்தாழப் பத்து ஆண்டு முன்னதாகவே இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்பது நம் சிந்தனைக்குரியது.

இளைஞர்கள் தமக்கு இதில் தொடர்பில்லை என்று எண்ண வேண்டா. சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து மூட்டு வலியும் காய்ச்சலும் கண்டு, இதய வால்வு பழுதுற்றவர் நம் நாட்டில் இன்றும் பலர். இருபது முப்பது வயதில் அவர்களுக்கு இளைப்பு தோன்றும். வைரஸ் காய்ச்சல் இதயத் தசையைத் தாக்குவதும் உண்டு. மிதமிஞ்சிய குடி அத்தசையைக் கெடுப்பதும் உண்டு. கருவுற்ற இறுதி மாதத்திலோ, மகப்பேற்றுக்குப் பிந்திய ஐந்து மாதங்களிலோ சில பெண்களின் இதயம் தளர்ந்துவிடுகிறது. ‘பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று அக்காவின் இளைப்பையும் கால் வீக்கத்தையும் வீட்டார் தள்ளிவிடும்போது, நீங்கள் தள்ளிவிடாதீர்கள்.

மருத்துவர் செய்வது என்ன?

மருத்துவர் முதலில் கதை கேட்பார். மேலே கூறியவை அனைத்தும் அக்கதையில் அடங்கும். பிறகு நோயாளியைச் சாய்வாக இருத்திக் கழுத்துச் சிரையின் துடிப்பு எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்று நோக்குவார். நுரையீரலின் அடியில் நீரால் எழும் ஒலியை ஸ்டெதாஸ்கோப்பில் கேட்பார். எக்ஸ்ரே, ஈ.சி.ஜி. ஆகியன துணை செய்யும். இதயம் விரிந்து வருந்தும்போது இரத்தத்தில் பெருகும் பி.என்.பி. என்னும் பொருளை அளப்பதும் இன்று இயலும். 1988இல் ஜப்பானிய அறிஞர்கள் பன்றியின் மூளையில் முதலில் கண்டறிந்த பொருள் இது. இன்றோ இதயத்தின் நிலையைக் காட்டும் சான்றாக விளங்குகிறது!

எல்லாவற்றிலும் சிறந்தது எக்கோ சோதனை. வலியில்லாதது, ஒலியலைகளால் இதயத்தைப் படம் பிடிப்பது. இடப்புறக் கீழறை தன்னிடமுள்ள இரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றுகிறது என்பதை அது காட்டும். நல்ல இதயத்தில் அது ஏறக்குறைய 55 முதல் 70 வரை. 40 அல்லது அதற்குக் கீழ் என்றால் இறைக்கும் ஆற்றல் குறைந்துவிட்டது என்று பொருள். ஆனால் எண் நன்றாக இருந்தும் நோய் இருக்கக்கூடும். தசை தடித்து விறைத்துப்போய், நிரம்ப மறுக்கும் இதயமும் தளர்ந்த இதயமே. முதியோரிடமும், நெடுநாள் இரத்த அழுத்தம் உள்ளவரிடமும் இது மிகுதி.

முன்னரே அறிவதால் பயன் என்ன?

1775இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர், உடலில் நீர் கட்டும் நோய்க்குக் கிராமத்து மூதாட்டி ஒருத்தி தந்துவந்த பச்சிலைக் கலவையைப் பற்றிக் கேள்வியுற்றார். இருபதுக்கு மேற்பட்ட பச்சிலைகளில் டிஜிடாலிஸ் செடியே பயன் தருவது என்று தெளிந்து, பத்தாண்டு ஆராய்ந்து 1785இல் நூல் வெளியிட்டார். நெடுங்காலம் மருத்துவர் கையில் இருந்த மருந்துகள் மிகச் சில. இன்று நிலைமை வேறு. இறைக்கும் ஆற்றல் குறைந்தவர்க்கு நான்கு வகை மருந்துகள் சேர்த்துத் தரப்படுகின்றன. அவை மூச்சுத் திணறலைத் தணிப்பதோடு ஆயுளையும் நீட்டிக்கின்றன. அவற்றுள் ஒன்றான பீட்டா தடுப்பான், தளர்ந்த இதயத்துக்கு ஆகாது என்று ஒரு காலத்தில் விலக்கப்பட்டது. 1999இல் வெளிவந்த பெரிய ஆய்வுகள் அது உயிர் காப்பது என்று காட்டின. ஆனால் மருந்து எதுவாயினும், இதயம் முற்றிலும் நலிவதற்கு முன்பே தொடங்கினால்தான் முழுப் பயன் தரும். அடையாளங்களை அறிவது இதனால்தான் உயிர்ச் சிக்கலாகிறது.

நோய் உறுதியானவர் வீட்டில் மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, உப்பு. நலமுள்ளவரே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், கருவாட்டை இலையில் வைத்தால் பயன் இல்லை. இரண்டு, மருந்துக் கடையில் தாமே வாங்கும் வலி மாத்திரைகள். இபுபுரோபென், டைக்ளோபெனக் போன்றவை உப்பையும் நீரையும் உடலில் தேக்கும். மூன்று, ‘நன்றாக இருக்கிறதே’ என்று மருந்தை நிறுத்துதல். நன்றாக இருப்பதே மருந்தினால்தான்.

வீட்டாரிடம் கேட்க ஆறு கேள்விகள்

அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, ‘உடம்பு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டு, ‘நன்றாக இருக்கிறேன் கண்ணு’ என்ற விடையோடு அமைந்துவிடாதீர்கள். பேச்சோடு பேச்சாக இவற்றைக் கேளுங்கள்.

1. முன்பு தாமே செய்துவந்த வேலைகளில் எதையேனும் இப்போது விட்டுவிட்டார்களா?
2. எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்கள்? முன்பு எத்தனை?
3. இரவில் மூச்சு முட்டி எழுந்ததுண்டா? படுத்தால் இருமல் வருகிறதா?
4. மாலையில் செருப்போ மெட்டியோ இறுகுகிறதா?
5. பசி குறைந்தும் எடையோ வயிறோ கூடியிருக்கிறதா?
6. புதிதாக ஏதேனும் வலி மாத்திரை சாப்பிடுகிறார்களா? பழைய மருந்து எதையேனும் நிறுத்திவிட்டார்களா?

விடைகளில் ஐயம் எழுந்தால் அந்த வாரத்திலேயே மருத்துவரிடம் செல்லச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறல், இளஞ்சிவப்பு நுரையாகச் சளி, நெஞ்சு வலி, மயக்கம், உதடு நீலம் பாய்தல், திடீர்க் குழப்பம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் காத்திருக்கலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 108ஐ அழைத்தால் ஆம்புலன்சு வரும். வரும் வரையில் மூச்சுத் திணறுபவரை நிமிர்த்தி உட்கார வைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள். படுக்க வைத்து ஓய்வு தருவதாக எண்ணினால் திணறல் மிகும்.

வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு பகுதியாக வகுக்கிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து துணை செய்பவரையும் சேர்த்து எண்ணுகிறார். இதயத் தளர்ச்சியைப் பொறுத்தவரை அந்த நான்காமவரே பெரும்பாலும் நோயை முதலில் காண்பவர். அதற்கு மருத்துவப் பட்டம் வேண்டா. தலையணையை எண்ணவும், கணுக்காலில் விரல் வைத்துப் பார்க்கவும், ‘இல்லை’ என்ற விடைக்குப் பின்னும் இன்னொரு கேள்வி கேட்கவும் பொறுமை இருந்தால் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு பேசும்போதே அதைத் தொடங்கலாம்.